கப்பலூர் பக்கம் 1998-ல் கட்டின வீடு: அட்வான்ஸுக்கு முன்னாடி எந்தெந்தச் சோதனை, எவ்வளவு ஆகும்?

கப்பலூரான் (கேள்வி)

வணக்கம். திருமங்கலம் ரோட்டுல கப்பலூர் பக்கம் ஒரு தனி வீடு விலைக்கு வருது. 3 சென்ட் மனை, 850 சதுர அடி, 1998-ல கட்டினது. தூண் கிடையாது, செங்கல் சுவர் மேலயே காங்கிரீட் தளம். கரிசல் மண். பட்டா, வில்லங்கம் வக்கீல் பார்த்துட்டார். எனக்குச் சந்தேகம் கட்டடத்துலதான்.

மாடியில தண்ணித் தொட்டி இருக்கிற இடத்துக்கு நேர் கீழ, படுக்கையறை சீலிங்ல ரெண்டு அடிக்கு ஒரு அடி காங்கிரீட் உதிர்ந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுது. மேற்கு ஜன்னல் மேல்மூலையில இருந்து சாய்வா ஒரு விரிசல் ஓடுது. ஹால்ல ஒரு சுவர் தரையில இருந்து முக்கால் அடிக்கு உப்புப் பூத்துப் பொரிஞ்சிருக்கு, அந்தச் சுவருக்கு மட்டும் புது பெயின்ட். பின்வாசல் நிலை அடியில கரையான் மண்கோடு. வயரிங் கட்டின காலத்தோடது. பாதாளச் சாக்கடை இல்ல, செப்டிக் டேங்க். அதே மனையில போர்.

பத்து நாள்ல அட்வான்ஸ். ஒருத்தர் "ஃபுல் டெஸ்ட்" பண்ண 35,000 கேட்கிறார். எல்லாமே தேவையா? எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?

சைட் இன்ஜினியர், திருநகர்

35,000-க்குள்ள என்னென்ன டெஸ்ட், எத்தனை இடத்துல, அறிக்கையில யார் கையெழுத்துன்னு எழுத்துல வாங்குங்க. முதல்ல ஒரு சிவில் இன்ஜினியரை நேர்ல கூட்டிட்டுப் போய் எழுத்து அறிக்கை வாங்கினா 3,000-ல இருந்து 6,000 ஆகும். அவர் கைகாட்டுற இடத்துல மட்டும் கருவி வைச்சாப் போதும். காங்கிரீட்டை அடிச்சுப் பலம் பார்க்கிற ரீபவுண்ட் ஹேமரும் கம்பி தேடுற கவர் மீட்டரும் சேர்த்து 8,000–12,000 கேட்பாங்க.

ரீபவுண்ட் ஹேமர் நம்பரை மட்டும் நம்பிடாதீங்க. பழைய காங்கிரீட் மேல்தோல் காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி இறுகியிருக்கும். அதனால உள்ள இருக்கிறதை விடப் பலமா நம்பர் காட்டும். பூச்சு மேல வைச்சு அடிச்சா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. பூச்சைச் சுரண்டி, காங்கிரீட்டைத் தேய்ச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஒன்பது அடி அடிக்கச் சொல்லுங்க.

அதை விடச் சல்லிசா ஒரு சோதனை இருக்கு, பினாப்தலீன். ஆய்வகச் சாமான் கடையில ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். உதிர்ந்த இடத்தோட ஓரத்துல உளியால புதுசா ஒரு சில்லு உடைச்சு, தூசியை ஊதிட்டு, சொட்டு விடுங்க. ரோஸ் நிறம் வந்தா காங்கிரீட்டுல இன்னும் காரம் இருக்கு, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறமே மாறாத ஆழம் கம்பி வரைக்கும் போயிருந்தா துரு அந்த ஓட்டையோட நிக்காது. உதிர்ந்த இடத்துல மட்டும் பார்க்காம, நல்லா இருக்கிற அறையிலயும் ஒரு மூலையில பாருங்க.

கம்பியைத் துரு போகத் தேய்ச்சுட்டு வெர்னியர் வைச்சு அளங்க. 8 மி.மீ கம்பி 7 மி.மீ ஆகியிருந்தா பரப்புல 23 சதவீதம் போச்சு. ஒரு மில்லிதானேன்னு விட முடியாது.

விரிசலுக்கு ஆக்ஸா பிளேடு போதும். அதோட கனம் ஏறக்குறைய 0.6 மி.மீ. நுழையலைன்னா இப்போதைக்குக் கவலை குறைவு. நுழைஞ்சு ஆடினா, மேல அகலமா கீழ அகலமான்னு எழுதி வைங்க. தளத்துக்கு அடியில படுக்கையா ஓடுற விரிசல் பெரும்பாலும் வெயில்ல தளம் நீண்டு சுருங்குறதால வர்றது. ஜன்னல் மூலையில இருந்து படிக்கட்டு மாதிரி ஏறுறது அஸ்திவாரம் அசைஞ்சதைச் சொல்லும். கரிசல் மண் மழையில ஊதும், கோடையில பிளக்கும். பத்து நாள்ல அந்த அசைவைப் பிடிக்க முடியாது, அதனால பழைய தடயத்தைத் தேடுங்க: விரிசல்ல முன்னாடியே சிமென்ட் அடைச்சிருக்கா, அதே வரிசையில தரை டைல்ஸ் வெடிச்சிருக்கா, கதவு நிலையில உரசுதா, சுவரை ஒட்டி வேம்பு மாதிரி பெரிய மரம் நிக்குதா.

வயரிங், செல்லூர்

அண்ணே, கரன்ட் பக்கம் மட்டும் சொல்றேன். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மெகர் (வயர் இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) கொண்டு வந்து பார்க்க 1,500–2,500. ஃபேன், டிவி, இன்வெர்ட்டர் எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் 500 வோல்ட் மெகர் போடணும், இல்லைன்னா பொருள் போயிடும். ஒவ்வொரு சர்க்யூட்டும் குறைஞ்சது 1 மெகாஓம் காட்டணும். உப்புப் பூத்த அந்தச் சுவர்ல ஓடுற வயர் பைப்பு குறைவாத்தான் காட்டும்னு நினைக்கிறேன், அதைத் தனியா எழுதச் சொல்லுங்க.

எர்த்துக்கு: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வந்தா, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வரணும். 150, 180-னு தொங்கினா எர்த் கம்பி எங்கேயோ அறுந்திருக்கு, இல்ல குழி காய்ஞ்சு கிடக்கு. ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா லைனை அறுக்கிற சுவிட்ச்) இருந்தா டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க: அந்தப் பட்டன் உள்ள இருக்கிற மெஷின் வேலை செய்யுதான்னு மட்டும்தான் சொல்லும், வீட்டு எர்த் நல்லா இருக்குன்னு சொல்லாது. இல்லைன்னா 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி முதல் நாளே போடுங்க. குளியலறை ஹீட்டர் இருக்கிற வீட்டுல இதைத் தள்ளிப் போடவே கூடாது. முழு ரீவயரிங்னா இந்த அளவு வீட்டுக்கு 80,000-க்கு மேல வைச்சுக்கங்க, ஏசி லைன் 4 ஸ்கொயர் எம்எம் தனியா இழுக்கணும்.

கரையான் மருந்து, திருப்பரங்குன்றம்

மண்கோட்டை இப்பவே தட்டி விடாதீங்க சார். கலைச்சா கரையான் வேற வழி எடுக்கும், மருந்து அடிக்கிறவருக்கு எங்கே இருந்து ஏறுதுன்னு தெரியாமப் போகும். ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால நிலையைத் தட்டிக்கிட்டே வாங்க, பொத்தல் சத்தம் கேட்கிற இடத்துல சாக்பீஸ் கோடு போடுங்க. அடுப்படி அலமாரி பின்பக்கம், சுவிட்ச் பெட்டி உள்பக்கம் மறக்காதீங்க.

வேலை எப்படின்னா, சுவரும் தரையும் சேர்ற ஓரத்துல அடிக்கு ஒரு ஓட்டை, 12 மி.மீ பிட். ஒரு ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் கலவை இறங்கணும். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்துன்னா லிட்டர் தண்ணிக்கு 2.1 மில்லி. உங்க கண்ணு முன்னாடி சீல் உடைச்சு அளந்து கலக்கச் சொல்லுங்க. சதுர அடிக்கு 8–12 ரூபாய், 850 அடிக்கு 6,800-ல இருந்து 10,200. போர் பக்கத்துல இருந்தா அதை முன்கூட்டியே சொல்லிடுங்க, அந்த ஓரம் மருந்து இறக்கக் கூடாது.

போர்வெல், ஒத்தக்கடை

3 சென்ட்னா 1,306 சதுர அடி. சதுர மனைன்னு வைச்சா பக்கத்துக்கு 36 அடி, மூலைக்கு மூலை 51 அடி. செப்டிக் டேங்க் தண்ணி இறங்குற உறிஞ்சு குழிக்கும் கிணறுக்கும் நடுவுல 18 மீட்டர், அதாவது 59 அடி இருக்கணும்னு இந்தியத் தர விதி. அந்த மனையில எந்த மூலையில வைச்சாலும் அது கிடைக்காது. அதனால போர் தண்ணிக்குக் கிருமிச் சோதனையைக் கட்டாயம் பண்ணுங்க. 100 மில்லியில ஈ.கோலி இருக்கவே கூடாது; நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போனா கழிவு கலக்குதுன்னு சந்தேகப்படணும். டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்ச உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணி இல்லாத பட்சத்துல 2,000 வரைக்கும் விதி அனுமதிக்குது. குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கொடுக்கலாம். கிருமிக்கான பாட்டிலை ஆய்வகத்துலயே வாங்கிட்டுப் போகணும், வீட்டு பாட்டில்ல எடுத்தா தப்பான முடிவு வரும்.

நம்ம பக்கம் அடியில கெட்டிப் பாறை, தண்ணி வெடிப்புலதான் நிக்கும். பத்து நிமிஷம் மோட்டார் போட்டுக் காட்டினா ஒண்ணும் தெரியாது. 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிஷம்னு முதல்லயும், ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டின பிறகு இன்னொரு தடவையும் பாருங்க. ரெண்டாவது நேரம் இரட்டிப்பாச்சுன்னா கோடையில லாரித் தண்ணிதான்.

செப்டிக் டேங்குக்கு: லாரிக்காரரை வரவழைச்சு மூடியைத் திறக்கச் சொல்லி, நீளக் கம்புல வெள்ளைத் துணி சுத்தி விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கசடு மொத்த ஆழத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டியிருந்தா உறிஞ்சி எடுக்கணும், லோடு 2,000 பக்கம் ஆகும். யாரும் உள்ளே தலையை நீட்டக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை உள்ளே இறக்குறது 2013 சட்டப்படி குற்றம், மூச்சுத் திணறி உயிர் போறது ஒரு நிமிஷத்துல நடந்துடும்.

கப்பலூரான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து போய்ப் பார்த்தேன். வெர்னியர்ல மூணு கம்பி 7.2, 7.0, 6.4. படுக்கையறையில கம்பி வரைக்கும் பினாப்தலீன் நிறம் மாறல. ஹால்ல மேலாப்ல 8 மி.மீ மட்டும் வெள்ளை, அதுக்கு உள்ள நல்ல ரோஸ். விரிசல்ல பிளேடு நுழையுது, மேல அகலம். மேற்குச் சுவர்ல இருந்து ஏழடியில வேம்பு. மாடியில தட்டோடு போட்டிருக்கு, தொட்டியைச் சுத்தித் தட்டினா பொத்தல் சத்தம். விற்கிறவர் "மேல வெள்ளை வாட்டர் ப்ரூஃப் அடிச்சுத் தர்றேன்"னு சொல்றார். சம்மதிக்கலாமா? மாடி முழுக்கத் தண்ணி கட்டிப் பார்க்கவா?

கொத்தனார் வேலை, வில்லாபுரம்

தட்டோடு மேல வெள்ளை அடிச்சாலும் கூல் ரூஃப் மாதிரி சூடு குறையும், ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். செலவும் கம்மி. நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க.

சைட் இன்ஜினியர், திருநகர்

ஓடு கெட்டியா ஒட்டியிருந்தா நீங்க சொல்றது சரி. இங்கே பொத்தல் சத்தம் வருது. ஓட்டுக்கு அடியில இருக்கிற சுண்ணாம்பு ஜல்லி பஞ்சு மாதிரி தண்ணி குடிச்சு வைச்சிருக்கு. மேல மூடினா அந்த ஈரத்துக்கு வெளியேற ஒரே வழி கீழதான், கம்பி வழியா. வெள்ளை அடிக்க விடாதீங்க. அடிச்சுட்டா குறை கண்ணுக்குத் தெரியாமப் போகும், விலையும் குறைச்சுக் கேட்க முடியாது.

தம்பி, மாடி முழுக்கத் தண்ணி கட்டாதீங்க. 850 அடிக்கு ஓர் அங்குலம் நின்னாலே 2,000 லிட்டர், ரெண்டு டன். கம்பி தேய்ஞ்ச தளத்துல அந்தப் பாரத்தை ஏத்தக் கூடாது. ஹாலுக்கு மேல மட்டும் நாலடிக்கு நாலடி களிமண் வரப்பு கட்டி, ஓர் அங்குலம் விட்டு 24 மணி நேரம் பாருங்க. தொட்டிப் பக்கம் சோதனையே தேவையில்ல, அது ஏற்கனவே பதில் சொல்லிடுச்சு. இன்னைக்கே தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுங்க. 1,000 லிட்டர்னா ஒரு டன் அந்த இடத்து மேல உட்கார்ந்திருக்கு.

ரிப்பேர் முறை இது. கீழ முட்டுக் கொடுத்துட்டு, உதிர்ந்த ஓரத்தோட நிக்காம நல்ல காங்கிரீட் வர்ற வரைக்கும் கொத்தணும். கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையுற இடைவெளி, 20 மி.மீ வேணும், முன்பக்கம் மட்டும் பூசினா பின்பக்கத் துரு ரெண்டு மழையில திரும்பத் தள்ளிடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், காங்கிரீட்டை உடைக்கிறதே அதுதான். கம்பியைப் பளபளன்னு தேய்ச்சு ஜிங்க் பிரைமர் அடிங்க. 6.4 கம்பிக்குப் பக்கத்துல புது 8 மி.மீ, தேய்ஞ்ச இடத்தைத் தாண்டி ரெண்டு பக்கமும் 40 செ.மீ மேல்பொருத்தம். 7.0 கம்பிக்கும் அதையே பண்ணிடுங்க. அப்புறம் பழசும் புதுசும் ஒட்டுறதுக்குப் பாண்டிங் கோட், அது காயுறதுக்குள்ள பாலிமர் கலவை. உதிர்ந்த ரெண்டு சதுர அடி கொத்தி முடிக்கிறப்போ 25, 30 அடி ஆயிடும். அடிக்கு 400–600 போட்டு 18,000 வரைக்கும் ஒதுக்குங்க.

மாடிக்கு ஓடும் ஜல்லியும் எடுத்து, பாரப்பெட் ஓரம் வளைவு கட்டி, சரிவு சரி பண்ணித் திரும்ப ஓடு பதிக்க அடிக்கு 120–180, மொத்தம் 1,02,000-ல இருந்து 1,53,000. பெரிய செலவு இதுதான். 4 அங்குல மழைக்குழாய் குறைஞ்சது ரெண்டு இருக்கணும்; ஒரு குழாய்க்கு 40 சதுர மீட்டர்தான் கணக்கு, உங்க மாடி 79. தொட்டி நிறைஞ்சு வழியுற குழாயை அந்தக் குழாய் வாய் வரைக்கும் நீட்டுங்க, பாதிப் பிரச்சினை அங்கே ஆரம்பிச்சிருக்கும்.

ஹால் சுவர் ஓதம் ஒரே சுவர்ல இருக்கிறதால, முதல்ல தண்ணிப் பைப்பைச் சந்தேகப்படுங்க. காலி பண்ணச் சொன்ன தொட்டியை நிரப்பாம, அந்த லைன்ல பிளம்பரை வைச்சு பிரஷர் பம்ப் போட்டுப் பாருங்க. முள் இறங்கலைன்னா தரையில இருந்து ஏறுற ஓதம். பொரிஞ்ச உயரத்துக்கு மேல ஓர் அடி சேர்த்துப் பூச்சை எடுத்து, 10 செ.மீ-க்கு ஒரு ஓட்டை போட்டு ஈரம் ஏறாமத் தடுக்கிற சிலேன் மருந்து ஏத்தி, நல்லாக் காய விட்டுப் பூசணும். டைல்ஸ் ஒட்டி மறைச்சா ஓதம் டைல்ஸுக்கு மேல போய் நிக்கும்.

கப்பலூரான்

வேம்பை வெட்டிடலாமா?

சைட் இன்ஜினியர், திருநகர்

உடனே வெட்டாதீங்க. இத்தனை வருஷம் அது உறிஞ்சின தண்ணி மண்ணுல தங்கிக் கரிசல் ஊதி, சுவரைத் தூக்கும். கிளையைக் கழிச்சு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. வீட்டைச் சுத்தி மூணடி அகலத்துக்கு வெளிச்சரிவோட தளம் போட்டு, மழைத் தண்ணி அஸ்திவாரத்துல இறங்காமப் பண்ணுங்க. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில் கோடும் தேதியும் போட்டு ஒரு கோடை, ஒரு ஐப்பசி பாருங்க. கோடு தாண்டலைன்னா நாலு வரிசைக்கு ஒண்ணா 6 மி.மீ கம்பி படுக்க வைச்சுத் தைக்கலாம். அது வரைக்கும் அந்தச் சுவர்ல பட்டி பார்க்காதீங்க.

அட்வான்ஸ் பேசுறப்போ கையில மூணு தாள் இருக்கட்டும்: இன்ஜினியர் அறிக்கை, மெகர் அளவு, தண்ணிச் சோதனை. மாடி, சீலிங், வயரிங் மூணும் சேர்த்துக் குறைஞ்சது ரெண்டு லட்சம் விலையில இறங்கணும். "நானே ரிப்பேர் பண்ணித் தர்றேன்"னு அவர் சொன்னா ஒத்துக்காதீங்க. பணத்தைக் கழிச்சுக்கிட்டு வேலையை உங்க மேற்பார்வையில செய்யுங்க.