தரையைத் தொட்ட பிறகு கவிழ்ந்த ஹெலிகாப்டர்

நான்கு பேர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர் அது. சக்கரம் கிடையாது, அடியில் ஸ்கிட் எனும் இரண்டு குழாய்க் கால்கள்தான். அறுவடை முடிந்த வயலில் இறங்க வந்தது. முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்ததால் புழுதி கிளம்பவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தோம். இடது கால் மண்ணில் பட்டதுமே, பக்கத்தில் நின்றவர் கையை ஆட்டிக்கொண்டு அதை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது. முதலில் மெதுவாகத்தான் சாய்ந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் இறக்கை மண்ணை வெட்டிவிட்டது. உடைந்த துண்டு ஒன்று எங்களைத் தாண்டிப் பறந்து வரப்பில் குத்தி நின்றது. நாங்கள் நின்றது 50 மீட்டருக்கும் அப்பால்.

உடனே ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது, எஞ்சின் இன்னும் நிற்கவில்லை. வலது இருக்கையில் இருந்த விமானி பெல்ட்டில் தொங்கியபடியே கையை நீட்டி, வராதே என்று சைகை காட்டினார். எரிபொருளை அடைத்து, பேட்டரி சுவிட்சை அணைத்த பிறகே கூப்பிட்டார். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. பெல்ட்டில் கை வைத்தேன். "இருங்க, முதல்ல என்னைத் தாங்கிப் பிடிங்க. இல்லேன்னா கீழே இருக்கிறவர் மேல விழுந்துடுவேன்" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு அந்த நினைப்பு இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மறுமொழி:

நான் இந்த வகை ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். நீங்கள் பார்த்ததை 'டைனமிக் ரோல்ஓவர்' என்போம். ஒரு ஸ்கிட் எதிலாவது மாட்டினால் அது கீல் போல ஆகிவிடும், மேலே இழுக்கும் விசை அதைச் சுற்றி முழு இயந்திரத்தையும் புரட்டும். சாய்வு ஒரு எல்லையைத் தாண்டினால், பல ரகங்களில் அது ஏறக்குறைய 15 டிகிரி, எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினாலும் நிமிராது. மேலே தூக்கும் விசையைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் லீவரை நிதானமாகக் கீழே இறக்குவதுதான் வழி. பயத்தில் கை அதை மேலே இழுக்கத்தான் பார்க்கும். பயிற்சியில் நான் அதைத்தான் செய்தேன். ஆசிரியர் பிடித்திருக்காவிட்டால் நானும் கவிழ்த்திருப்பேன்.

கீழே நிற்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கால் பட்டதும் இறங்கிவிட்டது என்று எண்ணாதீர்கள். எஞ்சின் அணைத்த பின்பும் வேகம் குறையக் குறைய இறக்கை தொய்யும், காற்று அடித்தால் தலை உயரத்துக்கே வரும். விமானி சைகை காட்டிய பிறகு, அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாக வாருங்கள். வால் பக்கம் போகவே வேண்டாம், அங்கே சுற்றும் விசிறி கண்ணுக்கே தெரியாது. சரிவான இடமென்றால் தாழ்ந்த பக்கத்திலிருந்து வாருங்கள்.

முதலில் எழுதியவர்:

நன்றி. எங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. பயணிக்குத் தோள் எலும்பு முறிந்தது, விமானிக்குக் கழுத்தில் வலி. இருவரும் நடந்தே ஆம்புலன்ஸில் ஏறினார்கள்.

எதில் மாட்டியது என்று மறுநாள் போய்ப் பார்த்தேன். சேற்றில் இல்லை. வேலியைப் பிரித்தபோது நாங்கள் எடுக்காமல் விட்ட கம்பி ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. அதன் ஒரு முனை இடது ஸ்கிட்டில் இன்னும் சுற்றியிருந்தது.