புதுப்பிப்பு: உறைக்குள்ளேயே வெளுக்கும் கறுப்பு விளிம்பு

உறை போட்டிருந்தும் என் கறுப்புக் கைப்பேசியின் அலுமினிய விளிம்பு மூலைகளில் வெள்ளியாக வெளுப்பது ஏன் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். உறையைக் கழற்றியபோது விடை கிடைத்தது: மூலைகளில் நுண்மணல் தங்கியிருந்தது. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் மணலிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமம் 7 என்பதால், பலரும் அஞ்சுகிற சாவியையும் சில்லறையையும்விட, சட்டைப்பையின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் மணலே திரைக்கண்ணாடிக்கும் விளிம்புக்கும் கூடுதல் கேடு செய்கிறது.

விளிம்பின் கறுப்பு, மேலே பூசிய வண்ணம் அன்று. ஆனோடாக்கத்தில், அதாவது மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றும் முறையில், உருவாகும், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலான தடிமனே உள்ள ஆக்சைடு படலத்தின் நுண்துளைகளில் ஏற்றிய சாயம் அது. படலம் கடினமானதுதான், ஆனால் அடியிலுள்ள உலோகம் மென்மையாதலால், ஓரங்களில் இடிபட்டால் படலம் பெயர்ந்துவிடுகிறது. எனவே வெளுத்த இடத்தைப் பற்பசையால் தேய்க்குமாறு இந்த இழையில் ஒருவர் கூறிய யோசனையை நான் ஏற்கவில்லை. அது எஞ்சிய நிறத்தையும் அரிக்கும், திரையில் பட்டால் விரல் எண்ணெயைத் தடுக்கும் மேற்பூச்சையும் போக்கும்.

இப்போது வாரந்தோறும் உறையைக் கழற்றி, அதன் உட்புறத்தைக் கழுவி நன்கு உலர்த்துகிறேன். கைப்பேசியை முதலில் ஊதி, பிறகே சற்று ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைக்கிறேன். பழைய வெளுப்பு அப்படியே இருக்கிறது. புதியதாக எதுவும் தென்படவில்லை.