இலை அப்போபிளாஸ்ட் பிஎச்: எஃப்ஐடிசி விகிதம் நகர மறுக்கிறது

செல்சுவர் கேட்டது:
தக்காளி இலையின் அப்போபிளாஸ்ட்டில் (செல் சவ்வுக்கு வெளியே உள்ள சுவரும் இடைவெளியும்) பிஎச், அதாவது அமில-கார அளவு, அளக்க வேண்டும். சாயம் எஃப்ஐடிசி-டெக்ஸ்ட்ரான் (பிஎச்-க்கு ஏற்ப ஒளிர்வு மாறும் சாயம், டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியில் கட்டியது), 10 கிலோடால்டன், நீரில் 25 மைக்ரோமோலார். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சால் இலையின் அடிப்புறம் ஏற்றுகிறேன். 490, 440 நானோமீட்டரில் தூண்டி, 535-இல் உமிழ்வை எடுத்து விகிதம் கணக்கிடுகிறேன். கண்ணாடித் தட்டில் பஃபரோடு (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) வைத்தால் வளைவு அழகாக வருகிறது. இலைக்குள் என்ன செய்தாலும் 5.5-க்குக் கீழே கோடு தட்டையாகிவிடுகிறது. நாரிழை ஒளியுணரியை (நுனியில் பிஎச் உணரும் மெல்லிய ஒளியிழை) இலையில் குத்தினாலோ அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?

இலைத்துளை:
இந்த இரண்டையுமே இப்போதைக்கு நம்பாதீர்கள். எஃப்ஐடிசியின் பிகேஏ (சாயத்தில் பாதி புரோட்டான் இழந்து நிற்கும் பிஎச்) சுமார் 6.4. பிஎச் 5.0-இல் சாயத்தின் 4 விழுக்காடுதான் புரோட்டான் இழந்த வடிவில் இருக்கும், 5.3-இல் 7. இந்த வித்தியாசத்தைக் கேமராவின் இரைச்சலே விழுங்கிவிடும். இலை அப்போபிளாஸ்ட் பெரும்பாலும் 5-க்கும் 6-க்கும் இடையில்தான் இருக்கும் என்பதால், பிகேஏ 4.7 கொண்ட ஆரிகான் கிரீன் 488-டெக்ஸ்ட்ரானுக்கு மாறுங்கள். அதே அலைநீளங்கள், அதே வடிகட்டிகள். ஆனால் 6.2-க்கு மேல் அதுவும் கிட்டத்தட்ட உச்சம் தொட்டு நின்றுவிடும். உப்பு மிகுந்து செடி தவிக்கையில் பிஎச் மேலே துள்ளும்போது உச்சியை வெட்டிக் காட்டும்.

அடுத்தது பின்னணி. ஃபெருலிக் அமிலம் போன்றவற்றால் செல்சுவர் தானாகவே ஒளிரும். 440-இல் தூண்டும்போது அது கூடுதலாகத் தெரியும். சாயமில்லாமல் வெறும் நீர் ஏற்றிய இலையை வெற்று மாதிரியாக வையுங்கள். நீர் ஏற்றாத இலையில் ஒளிச்சிதறல் வேறு, அது உதவாது. இரண்டு சேனலிலும் தனித்தனியே கழித்த பிறகே வகுக்க வேண்டும். ஒளிமங்கல் (தூண்டொளியில் சாயம் மங்குவது) விகிதத்தைக் கெடுக்காது என்பார்கள், அது பாதி உண்மைதான்: சாயம் மங்க மங்க, கழிபடாமல் தங்கிய பின்னணியின் பங்கு கூடும்.

ஏற்றியவுடன் அளக்கவே கூடாது. இலையில் கரும்பச்சை நீர்த்திட்டு மறையும் வரை, சுமார் 2 மணி நேரம், விளக்கொளியில் விடுங்கள். அதுவரை நீங்கள் அளப்பது நீர்த்துப்போன திரவத்தைத்தான்.

வேர்நுனி:
ஒளியுணரி பற்றி. நாரிழை நுனி 50 மைக்ரோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், சில நூறு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இலையில் அது செல்களை உடைத்துத்தான் உள்ளே போகும். செல்லுக்குள் உள்ள வெற்றிடக் குமிழின் (வாக்குவோல்) அமிலச் சாறு முதலில் கலக்கும். பிறகு காயத்துக்கு எதிர்வினையாகச் சுற்றியுள்ள திசு காரத்தன்மைக்கு நகரும். நீங்கள் பார்க்கும் ஏற்றம் பெரும்பாலும் இதுதான். தண்டு, பழம் போன்ற தடித்த திசுவுக்கு அந்தக் கருவி சரி. அங்கும் உணரியின் வரம்பைப் பார்த்து வாங்குங்கள்: 5.5 முதல் 8 வரை அளக்கும் நுனி, 4.3 அளவிலுள்ள பழுத்த தக்காளிச் சாற்றில் எதையும் சொல்லாது.

செல்சுவர்:
நன்றி. அளவுத்திருத்தத்தை இலைக்குள்ளேயே செய்ய வேண்டுமா? 4.5-க்கு எந்த பஃபர்?

இலைத்துளை:
இலைக்குள்ளேயேதான். சுவரில் உள்ள பெக்டின் என்ற சர்க்கரைப் பொருள் எதிர்மின்சுமை கொண்டது, சாயமும் அப்படியே. அதனால் சாயம் சுவரை ஒட்டாமல் விலகி நிற்கும், தட்டில் வரைந்த வளைவு அப்படியே பொருந்தாது. 50 மில்லிமோலாருக்குக் குறையாத பஃபர் வையுங்கள், இல்லாவிட்டால் செல்லின் புரோட்டான் பம்பு அதை வென்றுவிடும். 5.5 முதல் 6.7 வரை எம்இஎஸ் பஃபர். கீழே சிட்ரேட், ஆனால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தளர்த்தும், எனவே ஒரு இலைக்கு ஒரு பிஎச் மட்டும், விரைவாக அளந்துவிட்டு இலையை எறிந்துவிடுங்கள். அசிட்டேட் வேண்டாம்: மின்சுமையற்ற அசிட்டிக் அமிலம் சவ்வைக் கடந்து சைட்டோசோலை (செல்லின் உள்திரவம்) அமிலமாக்கும்.

வேர்நுனி:
மரபுமாற்றுச் செடி வைத்திருந்தால், சாயத்துக்குப் பதில் பிஎச்-லூரின் (செடியே உருவாக்கும், பிஎச்-க்கு ஏற்ப ஒளிரும் புரதம்) பயன்படுத்தத் தோன்றும், கவர்ச்சியாகவும் இருக்கும். அதன் பிகேஏ 7-ஐ ஒட்டியது. சைட்டோசோலுக்கு நல்லது, உங்கள் 5-க்கு எஃப்ஐடிசியைவிட மோசம். சாயம் மாற்றிய பிறகு கன்ஃபோகல் நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள்: ஒளிர்வு செல்களுக்கு இடையே வலைபோல் ஓட வேண்டும். செல்லே நிரம்பி ஒளிர்ந்தால் அழுத்தி ஏற்றியதில் செல் கிழிந்திருக்கிறது, அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.