விண்டோஸ் 7ல குரோம் அப்டேட் ஆகமாட்டேங்குது, வேற பிரவுசர் போடலாமா?

கேள்வி:
வணக்கம். அப்பா கடைல ஒரு பழைய லேப்டாப், விண்டோஸ் 7. பில்லிங் சாஃப்ட்வேர் அதுலதான் ஓடுது, அதனால இப்போதைக்கு விண்டோஸ மாத்த வழியில்ல. குரோம் 109லயே நின்னுடுச்சு. நேத்து ஏதோ சைட் பாத்துட்டு இருந்தப்ப "உங்க பிரவுசர் பழசு, உடனே அப்டேட் பண்ணுங்க"னு பெருசா வந்திருக்கு, அப்பாவும் நம்பி டவுன்லோட் குடுத்துட்டார், நல்லவேளை ஃபைல ஓபன் பண்றதுக்குள்ள நான் வந்துட்டேன். நெட் பேங்கிங்கும் அதுலயேதான் பண்றார், பயமா இருக்கு. எட்ஜ் இல்ல பிரேவ் போட்டா சரியாகுமா?

பதில் 1:
முதல்ல அந்த ஃபைல டெலீட் பண்ணிட்டு ஒரு ஸ்கேன் ஓட்டுங்க. நீங்க போற சைட்டு எதுவும் பிரவுசருக்கு அப்டேட் தராது, அப்படி கேட்டா அது திருட்டு வேலைதான், இத அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க. நிஜ அப்டேட் பிரவுசரோட மெனுக்குள்ள "அபவுட்"லதான் வரும். எட்ஜ், பிரேவ் போட்டு பிரயோஜனம் இல்லங்க, ரெண்டுக்கும் அடியில இருக்கறது குரோம்ல இருக்கற அதே அடிப்படை கோடுதான், குரோமியம்னு பேரு. 2023 பிப்ரவரில அதோட 110ஆவது வெர்ஷன் வந்தப்ப விண்டோஸ் 7, 8.1 ரெண்டையும் விட்டுட்டாங்க, எட்ஜும் 109லயே நின்னுடுச்சு.

பதில் 2:
நானும் 109தான் வெச்சிருக்கேன், ஒரு பிரச்சனையும் வரலயே, எதுக்கு இவ்ளோ பயம்?

பதில் 3:
@பதில் 2 அப்படி விட்டுடாதீங்க ப்ளீஸ். 2023 செப்டம்பர்ல வெப்பி (WebP)ங்கற ஃபார்மட் படங்கள காட்ட பிரவுசருங்க யூஸ் பண்ற கோடுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, நீங்க எதையும் கிளிக் பண்ணவே வேணாம், அந்த மாதிரி படம் இருக்கற பக்கம் திறந்தாலே மாட்டிக்கலாம். அத வெச்சு ஏற்கெனவே அட்டாக் நடந்துட்டு இருந்துச்சு, குரோம் பயர்பாக்ஸ் ரெண்டுமே அவசர அவசரமா அப்டேட் விட்டாங்க. 109லயே நின்னவங்களுக்கு இனிமே இந்த மாதிரி புது ஓட்டை வந்தா அடைக்க அப்டேட் வராது, உள்ள யாராவது வந்தாலும் நமக்கு தெரியாது.

கேட்டவருக்கு: பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (ரொம்ப நாள் அப்டேட் வர்ற வெர்ஷன்) போடுங்க, அத தயாரிக்கற மோசில்லா சைட்ல இருந்து மட்டும். பழைய விண்டோஸ்காரங்களுக்காக அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் குடுத்துட்டு வந்தாங்க, நிறுத்தற தேதிய பல தடவ தள்ளி வெச்சாங்க, இன்னும் வருதானு அந்த சைட்லயே பாத்துக்குங்க. குரோம்ல இருக்கற புக்மார்க்க இம்போர்ட் பண்ணிக்கலாம். ஆனா 2020 ஜனவரிலயே விண்டோஸ் 7க்கு சப்போர்ட் முடிஞ்சது, பிரவுசர் மாத்தினா விண்டோஸ்ல இருக்கற ஓட்டை அடையாது. அதனால பேங்க் வேலைய மட்டும் போனுக்கு மாத்திடுங்க, பாஸ்வேர்டையும் போன்ல இருந்தே மாத்துங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. பாஸ்வேர்ட் இப்பவே மாத்திட்டேன், கடை மூடினதும் பயர்பாக்ஸ் போட்டுடறேன். குரோம் ஐகான டெஸ்க்டாப்ல இருந்தே தூக்கிடறேன், இல்லன்னா அப்பா பழக்கத்துல அதையேதான் அமுக்குவார்.