சிப்பிப் பாறையில் கிடைத்த இறகுப் பாசி: கிண்ணம் தெரிகிறது, உணர்நீட்சி தெரியவில்லை

கடியபட்டணம் பிள்ளை:
நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். சிப்பிக்கு முங்கப் போகும் அப்பா, சிப்பியோடு சேர்த்து இறகு போலக் கிளைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், விரல் நீளம். ஊரில் பாசி என்றுதான் சொல்கிறார்கள். ஸ்பிரிட்டில் வைத்த துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிளை நெடுகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மங்கலான ஒரு கட்டி, அவ்வளவுதான். நான் ஹைட்ராய்டு (சொறிமுட்டைக்கு உறவான, செடி போலக் கிளைக்கும் கூட்டுயிர்) என்கிறேன், தோழி பிரையோசோவா (பாசி போலவே தோன்றும் வேறொரு கூட்டுயிர்) என்கிறாள். ஆனால் பாடத்தில் வரும் ஒபீலியா என்ற ஹைட்ராய்டு மாதிரி, மெடூசா (பிரிந்து நீந்திப் போகும் குடை வடிவ நிலை) மொட்டு எதுவும் இல்லை. எப்படி உறுதி செய்வது?

பழைய லேப் சார்:
பாசி இல்லம்மா, விலங்குதான். அந்த மங்கலான கட்டிதான் பாலிப், அதாவது கூட்டுயிரின் ஒவ்வொரு தனி உயிர். உயிரோடு ஸ்பிரிட்டில் விழுந்தால், வாயைச் சுற்றி இரை பிடிக்கும் உணர்நீட்சிகளை இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் சுருங்கிவிடும்.

பிரையோசோவாவா என்று பார்க்க, ஒரு கிளையை ஊசியால் மெல்லப் பிரியுங்கள். ஹைட்ராய்டில் வெளியே பெரிசார்க் என்னும் கைட்டின் குழாய் இருக்கும். அதற்குள் உயிருள்ள திசு எல்லாப் பாலிப்புகளையும் இணைத்தபடி ஓடும். ஒன்று பிடித்த இரையின் சத்து மற்றவற்றுக்கும் போவது இந்த வழியாகத்தான். பிரையோசோவாவில் ஒவ்வொரு உயிரும் தனிச் சுவருள்ள அறையில் இருக்கும். வாய், குடல், ஆசனவாய் எல்லாம் அதற்குத் தனியாக உண்டு. ஹைட்ராய்டு பாலிப்புக்கு ஒரே திறப்புதான்: உண்பதும் கழிப்பதும் அதன் வழியே.

அப்புறம் கிண்ணம் எப்படி அமைந்திருக்கிறது என்று கவனியுங்கள். காம்பின் நுனியில் இருந்தால் ஒபீலியா, கிளைட்டியா பக்கம். காம்பில்லாமல் கிளையின் இருபுறமும் ஒட்டியிருந்தால் செர்டுலேரியா வகை. பக்கக் கிளைகளில் ஒரே பக்கமாக வரிசை கட்டியிருந்தால் இறகு ஹைட்ராய்டுகள். பென்னேரியா, டியூபுலேரியா போன்றவற்றுக்குக் கிண்ணமே கிடையாது, பாலிப் வெறுமனே நிற்கும். உங்களுடையது எது?

கடியபட்டணம் பிள்ளை:
ஒரே பக்கம்தான் சார். ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒட்டி இன்னும் சின்னதாக மூன்று குழாய்கள்: முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. சில கிளைகளில் நீளமான, மூடிய உறை ஒன்றும் இருக்கிறது. இன்னொரு சந்தேகம். கறுத்த தண்டும் வெள்ளைக் கிளையுமாக இதே போன்ற ஒன்று கையில் பட்டால் எரியும் என்று அப்பா சொல்கிறார். இரண்டும் ஒன்றா?

முங்குகாரன்:
அந்த வெள்ளையைத் தொடாதே மக்கா. பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவு, நல்ல தண்ணீர் வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் துண்டை இடுக்கியால் எடு. மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வலையில் காய்ந்து கிடப்பதையும் வெறுங்கையால் பிய்க்கக் கூடாது.

பழைய லேப் சார்:
அவர் சொல்வது முழுக்கச் சரி. காய்ந்த பிறகும் கொட்டும் செல்கள் வெடிக்கலாம். அப்பா சொல்லும் அடையாளம் மேக்ரோரின்கியா பிலிப்பினாவுக்குப் பொருந்துகிறது. உங்களிடம் உள்ளதும் அதே குடும்பம்தான், அக்லோஃபீனிடே. அந்த மூன்று குழாய்களின் பெயர் நெமட்டோதீக்கா. அவற்றில் இருப்பவை காவல் பாலிப்புகள். வாய் கிடையாது, கொட்டும் செல்களை ஏந்தி நிற்பதே வேலை. கரையில் நீலமாக ஒதுங்கும் ஃபைசாலியாகூடச் சொறிமுட்டை இல்லை, இதே ஹைட்ரோசோவா வகுப்பைச் சேர்ந்த மிதக்கும் கூட்டுயிர். உண்பது, கொட்டுவது, இனம் பெருக்குவது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு அதிலும் உண்டு. இந்தத் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

மூடிய உறை கார்புலா. இனப்பெருக்கப் பைகள் அதற்குள் இருக்கின்றன. மெடூசா காணாததற்குக் காரணமும் அதுவே: இவை மெடூசாவை நீந்த விடுவதில்லை, பிளானுலா என்னும் இளம் லார்வாதான் வெளியே வரும். ஒபீலியாவை மட்டும் பாடத்தில் வைப்பதால் எல்லா ஹைட்ராய்டும் மெடூசா விடும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

உணர்நீட்சி விரிந்த மாதிரி வேண்டுமென்றால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சமாக எடுத்தால் போதும். கடல் தண்ணீரில் நிழலில் அசையாமல் வைத்தால் பாலிப்புகள் விரியும். விரிந்த நிலையிலேயே அவற்றை மரத்துப்போக வைக்க, மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 75 கிராமை ஒரு லிட்டர் வாலைவடிநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு வரும்வரை இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஊசியால் தொட்டும் சுருங்காத நிலை வந்தபிறகு 70 சதவீத ஸ்பிரிட்டுக்கு மாற்றலாம்.

கடியபட்டணம் பிள்ளை:
நன்றி சார், நன்றி அண்ணா. லேபிளில் அக்லோஃபீனியா என்று எழுதலாமா?

பழைய லேப் சார்:
கார்புலாவை மட்டும் வைத்து எழுத வேண்டாம், அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான லைட்டோகார்பியாவுக்கும் அது உண்டு. இப்போதைக்கு அக்லோஃபீனிடே என்று குடும்பப் பெயர் போதும். கூடவே தேதி, பாறையின் இடம், ஆழம், எதன்மேல் ஒட்டியிருந்தது என்று அப்பாவிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.