ஒலியும் ஒளியும் சேர்ந்த ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

ந. எழுதியது:
அன்பர்களே, இலங்கை வானொலி, தொலைக்காட்சி வரலாறு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. முதல் இயலில் சிக்கல் இல்லை. கொழும்புத் தந்தி அலுவலகப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிகளை வைத்து டிரான்ஸ்மிட்டர் கட்டி, 1923இல் சின்ன அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். 1925 டிசம்பர் 16இல் நிலையம் முறைப்படி தொடங்கியது. இதெல்லாம் ஒலிபரப்பு. 1979இல் தொலைக்காட்சி வந்ததும் ஒளிபரப்பு. ஆங்கில மூலநூலோ இரண்டுக்கும் ‘பிராட்காஸ்டிங்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு, ஹார்ப்பரை அந்தத் துறைக்கே முன்னோடி என்கிறது. ‘ஒலி/ஒளிபரப்பு’ என்று சாய்கோடு போட்டே கை ஓய்ந்துவிட்டது. என் மகள் அதை வாய்விட்டுப் படித்தால் ‘ஒலி ஒலிபரப்பு’ என்றுதான் கேட்கிறது.

கு. எழுதியது:
அலைபரப்பு. இரண்டும் அலைதானே?

மு. எழுதியது:
சரி, ஆனால் அச்சுக்கோப்பவர் ‘ப்’ சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலையைப் பரப்புவது அலைபரப்பு, இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. ‘அலைப்பரப்பு’ என்றால் கடலாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வே.:
எங்கட ஊரில் பரப்பு எண்டால் காணி. 16 பரப்பு ஓர் ஏக்கர். அலை எத்தனை பரப்பு எண்டு கேட்பினம்!

செ. எழுதியது:
பரப்பை விட்டுவிட்டு வயலுக்கு வாருங்கள். அந்த ஆங்கிலச் சொல்லே உழவர் சொல். விதையைக் கைநிறைய அள்ளி வீசுவது. எங்கள் பக்கம் ‘தெளிக்கிறது’ என்போம். தந்தி, தொலைபேசி எல்லாம் நடவு: இந்தக் குழியில் இந்த நாற்று. ஹார்ப்பர் தந்தி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே, யாருக்கென்று பார்க்காமல் தெளித்தார். அவர் செய்த புதுமை அதுதான். ‘அலை’யில் அது தெரியவில்லை. கம்பியில்லாத் தந்தியிலும் கப்பலுக்குக் கப்பல் அலைதான் போனது. ‘அலைதெளிப்பு’ என்க.

கு. எழுதியது:
செ. ஐயா, தெளிப்பு என்றால் இன்றைக்குப் பூச்சிமருந்துதான் நினைவுக்கு வரும். அழகான சொல்லெல்லாம் நிற்பதில்லை. 1935இல் மைசூரில் கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் தன் வீட்டில் நடத்திய நிலையத்துக்கு ஆகாசவாணி என்று பெயர். பிறகு அதுவே நாடு முழுதுக்கும் வந்தது. தமிழில் வானொலி அதைத் தள்ளிவிட்டு நிற்கிறது. காரணம் இலக்கணமா? மூன்றே எழுத்து, சட்டென்று புரிகிறது.

மு. எழுதியது:
‘வானொலி’யில் வான் எதற்கு என்று ஒரு கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. தனி இழையாகத் தொடங்கட்டுமா?

ந. எழுதியது:
வேண்டாம் ஐயா, வெள்ளி முடியட்டும். ஹார்ப்பர் இயலில் ஒலிபரப்பு, முன்னுரையிலும் தலைப்பிலும் அலைபரப்பு என்று வைத்து அனுப்பிவிட்டேன். செ. ஐயாவின் நடவும் தெளிப்பும் அடிக்குறிப்பில் இருக்கிறது. பதிப்பாசிரியர் தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘இது கடலியல் நூலா?’ என்று கேட்டார்.

செ. எழுதியது:
பரப்பை விட்டுவிடுங்கள் என்று நான் அப்போதே சொன்னேன். அடிக்குறிப்பில் ‘தெளிப்பு’க்கு ள் பெரிய ளகரம்தானே போட்டீர்கள்?