பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய போர்க்கும் டிஸ்க் பிரேக்கும்: மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெமட்டகொடையிலிருந்து:

என்னுடையது பீ.எஸ்.ஏ. ஏ10 என்ற பழைய பிரிட்டிஷ் வண்டி. முன்சில்லில் எட்டு அங்குல டிரம் பிரேக்; உள்ளே ஷூக்கள் விரிந்து பிடிக்கும் வகை. பேஸ்லைன் வீதியில் முன்னால் போகும் பஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால், அந்த டிரம் பிடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும். ஆகவே யமஹா எஃப்இசட் ஒன்றின் 41 மில்லிமீட்டர் போர்க் (முன்சில்லைத் தாங்கும் இரட்டைக் குழாய்), 17 அங்குலச் சில்லு, டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் எல்லாவற்றையும் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். அனைத்தும் ஒரே வண்டியில் இருந்து கழற்றியவை. அப்படி வாங்கினால்தான் அச்சும் கலிப்பரும் டிஸ்க்கும் சண்டையில்லாமல் சேரும். கடைக்கார நானா போர்க் குழாயைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிக் காட்டினார். குழாய் வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் கசியும். இரண்டிலும் கசியவில்லை.

எல்லோரும் பிரேக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிரேக் கடைசி வேலை. தலைவலி முழுவதும் கழுத்தில்தான், அதாவது போர்க் திரும்புவதற்காகச் சட்டத்தின் முன்னால் இருக்கும் குழாயில். அதற்குள் புகும் எஃப்இசட்டின் தண்டு பீ.எஸ்.ஏ.யின் கழுத்து நீளத்துக்குப் பொருந்தாது. போர்க் குழாய்களைப் பிடிக்கும் கீழ்த் தட்டிலிருந்து அதை அழுத்திக் கழற்றி, லேத்தில் கடைந்த புதிய தண்டைப் பொருத்தினோம். கழுத்தில் இருந்த உதிரி இரும்புக் குண்டுகளுக்குப் பதில் கூம்பு உருளைப் பெயரிங். அதை இறுக்கும்போது பேராசை கூடாது. முன்சில்லைத் தூக்கி வைத்து விரலால் தட்டினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் நெரிசலில் மெதுவாகப் போகும்போது வண்டி நேராகவே போகாது.

அடுத்தது ட்ரெயில். கழுத்தின் சாய்வுக் கோட்டை நிலம் வரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. வண்டியை நேராக ஓடவைப்பது இதுதான். 19 அங்குலச் சில்லுக்குப் பதில் 17, அதோடு கட்டையான போர்க்: முன்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியது. இரண்டு சில்லுக்கும் இடையே 1,400 மில்லிமீட்டர் தூரமுள்ள வண்டியில் அதனால் கழுத்து ஏறத்தாழ 2 பாகை நிமிர்ந்துவிடும், ட்ரெயிலும் குறையும். புதிய தட்டுகளில் போர்க் குழாய்கள் தண்டுக்குக் கிட்ட இருப்பதால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மீதிக்குப் பின் ஷொக்குகளைக் கட்டையாக்கினேன். இப்போது நடு ஸ்டாண்டில் ஏற்றுவதற்குத்தான் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, நீங்கள் முழு முன்பக்கத்தையும் மாற்றியது நல்லது. விற்பனைக்கு வந்த பழைய ஹொண்டா ஒன்றை இங்கே பார்க்கப் போனேன். டிரம்முக்கான மெல்லிய போர்க்கை அப்படியே விட்டு, அதன் கீழ்ப்பகுதியான அலுமினியக் காலில் கலிப்பர் தாங்கியை வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள். வெல்டிங் சூட்டில் அந்த வார்ப்பு எவ்வளவு பலம் இழந்திருக்குமோ! லீவரைப் பிடித்ததும் ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. ஒற்றை டிஸ்க் ஒரு காலை மட்டும் பிடிக்கிறது. அந்த முறுக்கைத் தாங்க அந்தப் போர்க் பிறக்கவில்லை. விற்றவரோ "பிரேக் பிடிக்கும் பலத்தைப் பாருங்கள் தம்பி" என்றார். பலத்தைப் பார்த்துத்தான் இறங்கி நடந்தேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

தம்பிமார் கோபிக்க வேண்டாம். என்னிடம் 1968ஆம் ஆண்டு ட்ரையம்ப் 650 இருக்கிறது. அந்த ஆண்டில்தான் அதற்கு இரண்டு முன்னோக்கு ஷூ (சில்லு முன்னால் சுழலும்போது தானாகவே இன்னும் இறுகும் ஷூ) உள்ள டிரம் வந்தது. அடுத்த ஆண்டே ஹொண்டா சீபீ750 ஹைட்ரோலிக் டிஸ்க்குடன் வந்து எல்லோரையும் பழையவர்களாக்கிவிட்டது. இருந்தும் நான் டிரம்மை மாற்றவில்லை. சில்லுக் கம்பிகளை இறுக்கிய பிறகு டிரம்மைக் கடைய வேண்டும். முதலில் கடைந்துவிட்டுக் கம்பி இறுக்கினால் வட்டம் கோணிப்போகும். பிறகு ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கை அந்த வட்டத்துக்கே கடைந்து, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புத் தண்டைச் சரிசெய்தால் காலி வீதிக்குப் போதும்.

கண்டி வீதியின் கடுகண்ணாவை மலை ஏற்றத்துக்குப் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஏற்றத்தில் நின்று பின்னால் உருளும்போது இந்த டிரம் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு ஷூவும் எதிர்த்திசைக்கு ஆகிவிடும். நீண்ட இறக்கத்திலும் சூடேறிக் கைவிடும்.

தெமட்டகொடையிலிருந்து:

ஐயா சொல்வது சரி. ஆனால் நான் மாதம் ஒருமுறை கண்டிக்குப் போகிறவன்.

லீவரை அழுத்தும்போது திரவத்தைக் கலிப்பருக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கலிப்பர் வந்த வண்டியின் சிலிண்டரையே போடுங்கள். இரட்டை டிஸ்க்குக்கான பெரிய சிலிண்டரை ஒற்றைக் கலிப்பருக்குப் போட்டால் லீவர் கட்டைபோல இறுகும். அதே விசைக்குப் பிடிப்புக் குறையும். காற்றை எடுத்த பிறகும் லீவர் பஞ்சாக இருந்தால், பிரேக் குழாயை ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டி, இரவு முழுவதும் லீவரைக் கைப்பிடியோடு இறப்பர் பட்டியால் கட்டி வையுங்கள். ஒளிந்திருக்கும் குமிழிகள் மேலே ஏறிவிடும். இந்த வேலையின்போது பெற்றோல் தாங்கியை ஈரத்துணியால் மூடுங்கள். டொட் 4 பிரேக் திரவம் ஒரு துளி விழுந்தாலும் பெயின்ட் உரிந்துவிடும். ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். கடற்காற்றில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.